நைஸ்!

காலையில் கிரைண்டரில் உளுந்தைப் போடும்போது, "கொஞ்சம் நைஸாக அரையட்டும்" என்கிறீர்கள். பத்து மணிக்குப் பக்கத்து வீட்டு மாமி புதுப் புடவையைக் கொண்டுவந்து காட்டுகிறாள். தலைப்பைத் தொட்டுப் பார்த்து, "ரொம்ப நைஸ், மாமி!" என்கிறீர்கள். மத்தியானம் கடைக்குட்டியைக் கணக்குப் போடச் சொன்னால், அவன் 'நைஸாக' வாசல் பக்கம் நழுவிவிடுகிறான். சாயங்காலம் மூத்தவள் பள்ளிக்கூடத்திலிருந்து வந்து, "அம்மா, 'நைஸ்' என்ற வார்த்தைக்குப் பதிலாக உபயோகிக்கக்கூடிய ஐந்து வார்த்தைகளை எழுதிக்கொண்டு வரவேண்டுமாம். சொல்லேன்!" என்று நோட்டுப் புஸ்தகத்தை நீட்டுகிறாள்.

அப்போதுதான் திகைக்கிறீர்கள். பொழுது விடிந்ததிலிருந்து வாயில் புரண்டுகொண்டிருந்த சொல்லுக்கு அர்த்தம் கேட்டால், "நைஸ் என்றால்... நைஸ்தான்!" என்பதற்கு மேல் ஒன்றும் வரமாட்டேன் என்கிறது.

கவலைப்படாதீர்கள். இங்கிலீஷ்காரர்களே இந்தச் சொல்லோடு எழுநூறு வருஷமாக அவஸ்தைப்பட்டு வருகிறார்கள். இதன் ஜாதகத்தைப் புரட்டினால் உங்களுக்குச் சிரிப்பு வரும். பெண்ணைப் பெற்றவர்களுக்குக் கொஞ்சம் கோபமும் வரலாம்.

லத்தீன் பாஷையில் 'ஸ்கீரே' என்றால் அறிவது. அதன் முன்னால் 'நெ' சேர்ந்தால் இல்லை என்று ஆகிவிடும். அப்படிப் பிறந்தது 'நெஸ்கியுஸ்' என்ற சொல். பொருள்: ஒன்றும் அறியாதவர். பிரெஞ்சுக்காரர் வாயில் அது தேய்ந்து தேய்ந்து சுருங்கி, 1300-ஆம் வருஷத்தை ஒட்டி இங்கிலீஷில் வந்து குடியேறியது. அந்த நாளில் ஒருவரைப் பார்த்து 'நைஸ்' என்றால் அடிக்க வந்திருப்பார். ஏனென்றால் அதற்கு 'அசடு' என்று அர்த்தம். 14-ஆம் நூற்றாண்டுக் கவி சாஸர் இந்தப் பொருளில் இதை எழுதியிருக்கிறார்.

இன்னொரு வேடிக்கை. அதே 'ஸ்கீரே' என்ற வேரிலிருந்து வந்ததுதான் 'சயன்ஸ்' என்ற சொல்லும். ஆக, 'சயன்ஸ்' என்றால் அறிவு. அதற்கு நெருங்கிய உறவான 'நைஸ்' என்றால் அறிவின்மை. ஒரே வீட்டுக் குழந்தைகள்தாம்!

சரி, அசடு எப்படி அழகாயிற்று? ஜவுளிக் கடையில் ஓர் அம்மாள் உட்கார்ந்திருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். நாற்பது புடவையைப் பிரித்துப் போட்டாயிற்று. "இந்தக் கரை ஒரு நூல் அகலம், அந்தப் பச்சை ஒரு பொட்டு அதிகம்" என்று தள்ளிக்கொண்டே இருக்கிறாள். கடைச் சிப்பந்தி மனத்துக்குள், 'சரியான பைத்தியம்' என்று நினைக்கிறான். கூட வந்த நாத்தனார், "எங்கள் மன்னிக்கு எதுவும் லேசில் பிடிக்காது" என்கிறாள். எதிரே இருக்கும் இன்னொரு அம்மாளோ, "எவ்வளவு நுணுக்கமாகப் பார்க்கிறாள்! என்ன ரஸனை!" என்று வியக்கிறாள். மூன்று பேரும் பார்ப்பது ஒரே அம்மாளைத்தான். 'நைஸ்' என்ற சொல்லும் இந்த வழியாகத்தான் நடந்து வந்தது. அசடு என்பது கூச்சமுள்ளவர் என்றாயிற்று. பிறகு எதற்கும் முகம் சுளிக்கிற நாசூக்குக்காரர் என்றாயிற்று. பிறகு மயிரிழை வித்தியாசத்தையும் கண்டுபிடிக்கிறவர் என்றாயிற்று. அப்படி நுட்பமாக அமைந்த பொருளுக்கும் அதே பெயர் வந்தது. 18-ஆம் நூற்றாண்டின் நடுவில்தான், மனத்துக்கு இதமானது எதுவோ அதெல்லாம் 'நைஸ்' என்ற இன்றைய நிலைக்கு வந்து சேர்ந்தது.

சொற்களுக்கு இப்படி யோகம் அடிப்பதும் உண்டு, தசை மாறுவதும் உண்டு. இங்கிலீஷில் 'ஸில்லி' என்கிறோமே, அது ஆதியில் பாக்கியசாலியை, ஆசீர்வதிக்கப்பட்டவரைக் குறித்தது. இன்று அசடு என்று பொருள். 'நைஸ்' மாடிப்படி ஏறிய அதே காலத்தில் 'ஸில்லி' இறங்கி வந்திருக்கிறது! நம்மிடமும் இல்லையா? பழந்தமிழில் பூவுக்கு நாற்றம் உண்டு, அது வாசனை. இன்று பூக்காரியிடம், "உன் மல்லிகை நாற்றமாயிருக்கிறது" என்று சொல்லிப் பாருங்கள்!

ஷேக்ஸ்பியரின் 'ரோமியோ ஜூலியட்' நாடகத்தில் ஓர் இடம் வருகிறது. ஜூலியட் செத்துப்போனதுபோல் மயங்கிக் கிடக்கிறாளே ஒழிய உண்மையில் சாகவில்லை என்ற ரகசியத்தைக் கடிதத்தில் எழுதி, பாதிரியார் ஒருவர் ரோமியோவுக்கு அனுப்புகிறார். கொண்டுபோன மனிதரைக் கொள்ளைநோய்ப் பயத்தால் ஒரு வீட்டில் வைத்துப் பூட்டிவிடுகிறார்கள். கடிதம் போய்ச் சேரவில்லை. அது தெரிந்ததும் பாதிரியார் பதறிப்போய், அந்தக் கடிதம் 'நைஸ்' அல்லவே என்கிறார். இன்றைய அர்த்தத்தில் படித்தால், கடிதம் நன்றாக எழுதப்படவில்லை என்று வருத்தப்படுவதுபோல் தோன்றும். அவர் சொல்ல வந்ததோ, 'அது அற்ப விஷயம் அல்லவே, தலைபோகிற சமாசாரம் ஆயிற்றே' என்பது. காலேஜில் படிக்கும் பெண்கள் இதைக் குறித்துக்கொள்ளலாம். பரீட்சையில் வழுக்கிவிடுகிற இடம்.

1755-இல் டாக்டர் ஜான்ஸன் தம் பெரிய அகராதியை வெளியிட்டபோதும், நுட்பம், துல்லியம் என்ற அர்த்தத்துக்குத்தான் முதல் இடம் கொடுத்தார். அது இன்றும் அடியோடு போய்விடவில்லை. உங்கள் வீட்டுக்காரர் வக்கீலாயிருந்து, "ஜட்ஜ் இன்று என் வாதத்தை 'நைஸ் பாயிண்ட்' என்றார்" என்று மார்தட்டிக்கொண்டு வந்தால், உடனே பாயசம் வைத்துவிடாதீர்கள். 'இது மிகவும் நுணுக்கமான சிக்கல்' என்றுகூட ஜட்ஜ் சொல்லியிருக்கலாம். தீர்ப்பு எந்தப் பக்கம் என்பது வேறு விஷயம்.

இந்தச் சொல்லைப் பிடித்து வைத்துப் பரிகாசம் செய்தவர்களில் எனக்கு மிகவும் பிடித்தவர் ஜேன் ஆஸ்டின் என்ற ஆங்கில நாவலாசிரியைதான். அவர் காலமான பிறகு 1817 டிசம்பரில் வெளிவந்த 'நார்த்தாங்கர் அபே' என்ற நாவலில், காதரீன் என்று கதை படிக்கும் பைத்தியம் பிடித்த ஒரு பதினேழு வயதுப் பெண் வருகிறாள். அன்றைய பயங்கரத் தொடர்கதை ரகம் ஒன்றைப் படித்துவிட்டு, உலகத்திலேயே மிக 'நைஸ்' ஆன புஸ்தகம் அதுதானே என்று ஹென்றி என்ற இளைஞனிடம் கேட்கிறாள். அவன் விடவில்லை. 'நைஸ் என்றால் நேர்த்தி என்று அர்த்தம். பைண்டிங் எப்படி என்பதைப் பொறுத்தது' என்று குறும்பாகப் பதில் சொல்கிறான். அதோடு நிறுத்தாமல், இன்று நைஸான தினம், நாம் போவது நைஸான உலா, நீங்கள் இருவரும் நைஸான பெண்கள் என்று அடுக்கி, எல்லாவற்றுக்கும் இந்த ஒரு சொல்லே போதுமே என்று மடக்குகிறான். ஹென்றியின் தங்கை சும்மா இருப்பாளா? 'உன்னிடம் விவேகத்தைவிட நைஸ்தான் அதிகம்' என்ற கருத்தில் ஒரு போடு போடுகிறாள். அதாவது, 'சொல்லில் குற்றம் கண்டுபிடிக்கிற நாசூக்குதான் உன்னிடம் இருக்கிறது, புத்தி போதாது' என்று. பழைய அர்த்தத்தை வைத்தே அண்ணன் வாயை அடைத்துவிட்டாள் பாருங்கள்! ஹென்றி சொன்ன விஷயம் சரிதான். ஆனால் மட்டம் தட்டுகிற தோரணை எனக்குப் பிடிக்கவில்லை. வார்த்தை சரியில்லை என்று சொல்லவந்தவன், அந்தப் பெண்ணுக்குப் புஸ்தகத்தில் எது பிடித்தது என்று முதலில் கேட்டிருக்கலாம்.

நம் ஊருக்கு வருவோம். கப்பலேறி இங்கே வந்த 'நைஸ்' தமிழ்ச் சமையலறையில் புகுந்து ஒரு தனிக் குடித்தனமே நடத்துகிறது. மாவு, விபூதி, முகப்பவுடர், பருத்திப் புடவை எல்லாம் நைஸ். இங்கிலீஷ்காரி ஒருத்தியிடம் போய், "மாவை நைஸாக அரை" என்றால், சிரித்த முகத்தோடு அரைக்கச் சொல்கிறீர்களோ என்று விழிப்பாள். அவளிடம் தூளாயிருந்தால் 'ஃபைன்' என்றும், இட்லி மாவைப்போல் குழைவாயிருந்தால் 'ஸ்மூத்' என்றும் சொல்லவேண்டும். நம் சமையலறை அர்த்தம் அகராதியில் உள்ள பழைய 'நுண்மை'க்கு அருகில் இருக்கிறதே என்று தோன்றும். எனக்கு வேறோர் எண்ணம். அம்மியும் குழவியும் இருந்த காலத்திலிருந்தே 'நைய அரைப்பது' என்று நம்மிடம் ஒரு வழக்கு உண்டு. 'நையப் புடைத்தான்' என்கிறோமே, அந்த 'நைய'. ஏற்கெனவே காதில் இருந்த ஓசையோடு வந்த விருந்தாளி ஆனபடியால், 'நைஸ்' இவ்வளவு சுலபமாக ஒட்டிக்கொண்டது போலிருக்கிறது.

'நைஸ் பண்ணுகிறான்' என்றால் குழைந்து பேசிக் காரியம் சாதிக்கப் பார்க்கிறான் என்று பொருள். இது இங்கிலீஷிலேயே கிடையாது. முழுக்க முழுக்க நம் கைச்சரக்கு.

ஆனால் தமிழில் இதற்குச் சரியான ஜோடி ஒன்று வெகுகாலமாக இருக்கிறது. 'நயம்' என்ற சொல்லைச் சற்று நினைத்துப் பாருங்கள். மளிகைக் கடைப் பலகையில் 'நயம் துவரம்பருப்பு' என்றால் உயர்ந்த ரகம். 'நயமான விலை' என்றால் மலிவு. 'கவி நயம்' என்றால் நுட்பமான அழகு. 'நயமாகச் சொன்னாள்' என்றால் இதமாகச் சொன்னாள். அதே நயத்தோடு வஞ்சகம் சேர்ந்தால் நயவஞ்சகம்! நைஸுக்கும் நயத்துக்கும் ரத்த பந்தம் ஒன்றுமில்லை. இருந்தாலும் தரம், நுட்பம், இதம், தந்திரம் என்று நாலு தெருவிலும் இரண்டும் ஒன்றாகவே சுற்றியிருக்கின்றன.

பெண்ணின் நோட்டுப் புஸ்தகம் காத்திருக்கிறது, மறந்துவிடவில்லை. ஐந்து வார்த்தைதானே என்று 'குட், ஃபைன், லவ்லி' என்று எழுதிக் கொடுத்துவிடாதீர்கள். அவையும் நைஸைப்போலவே எல்லாக் கதவையும் திறக்கிற கள்ளச்சாவிகள். "எது நைஸ்?" என்று குழந்தையைத் திருப்பிக் கேளுங்கள். காற்று வீசுகிற மாலை வேளை என்றால் 'ப்ளெஸண்ட்'. முறுக்கு என்றால் 'க்ரிஸ்ப்'; இட்லி என்றால் 'ஸாஃப்ட்'; விருந்துச் சாப்பாடு முழுவதும் என்றால் 'டெலிஷியஸ்'. அடுக்கி வைத்த அலமாரி 'நீட்'. மறைந்து நிற்கிற நுட்பம் 'ஸட்டில்'. எழுதும்போது நடுவே 'பி' என்ற எழுத்து உண்டு, வாயில் வராது. நம் பாஷையில் சொல்வதானால் முறுக்கு மொறுமொறு, இட்லி மெத்தென்று, சாதம் உதிரி உதிரியாக, அல்வா பதமாக. சமைத்தவளுக்கு இதில் ஒரு லாபம் இருக்கிறது, கவனித்தீர்களா? "சாப்பாடு நைஸ்" என்றால் கைகழுவப் போகிற அவசரம் என்று அர்த்தம். "ரஸத்தில் இன்று மிளகு தூக்கலாக, நன்றாயிருந்தது" என்றால்தான் மனுஷர் ருசித்துச் சாப்பிட்டிருக்கிறார் என்று அர்த்தம்.

மனிதர்கள் விஷயத்தில்தான் இந்தச் சொல் ரொம்பச் சிக்கலை உண்டுபண்ணுகிறது. 'பொலைட்' என்றால் மரியாதை தெரிந்தவர். 'கைண்ட்' என்றால் இரக்கமுள்ளவர். 'கன்ஸிடரேட்' என்று ஒன்று இருக்கிறது. பிறர் சௌகரியத்தை யோசிக்கிறவர். பகல் இரண்டு மணிக்குக் கைக்குழந்தைக்காரி வீட்டு அழைப்பு மணியை அழுத்தாமல் திரும்பிப் போகிறாளே, அவள். இந்த மூன்றையும் 'நைஸ்' என்ற ஒரே டப்பாவில் போட்டு மூடிவிடுகிறோம். எதிர் வீட்டுப் பெண்மணி எப்போதும் சிரித்த முகம். வாங்கிப்போன காப்பிப்பொடி மட்டும் திரும்பி வந்ததில்லை. மாடி வீட்டுப் பாட்டிக்கோ வாயைத் திறந்தால் வசவுதான். ஆனால் உங்கள் குழந்தைக்கு ஜுரம் கொதித்த ராத்திரி விடிய விடிய ஈரத்துணி மாற்றிப் போட்டவள் அவள். நைஸ் யார், கைண்ட் யார்? உங்கள் பெண்ணுக்கு இந்த வித்தியாசம் தெரிந்திருப்பது நல்லது. அது இங்கிலீஷ் பரீட்சைக்கு மட்டுமல்ல. வெளியூரில் படிக்கப் போகிறாள், வேலைக்குப் போகிறாள். இனிக்க இனிக்கப் பேசுகிற ஒருவரைப் பற்றி, "ரொம்ப நைஸ் அம்மா" என்று போனில் சொல்லும்போது, "பேச்சு நைஸா, செய்கை நைஸா?" என்று கேட்டு வையுங்கள்.

இன்னொரு பக்கமும் உண்டு. "நைஸாக நடந்துகொள்" என்று பெண்களுக்கு நாம் சொல்லிக் கொடுக்கிறோமே, அதைப் பற்றி. திருக்குறளில் கண்ணோட்டம் என்ற அதிகாரத்தின் கடைசிக் குறள் ஞாபகம் இருக்கிறதா? நெருங்கிப் பழகினவர் கண் முன்னாலேயே நஞ்சை ஊற்றினாலும், தாட்சண்யம் உடையவர் அதைக் குடித்துவிட்டு அமைதியாக இருப்பார் என்று அதற்கு உரை சொல்வார்கள். அங்கேயும் நயந்து போற்றத்தக்க நாகரிகம் என்றுதான் அந்தக் குணத்துக்குப் பெயர். பழகினவர் என்றாவது உரைகாரர்கள் ஒரு வரம்பு கட்டினார்கள். நம் பெண்களோ, பஸ்ஸில் இடிக்கிறவன் ஊற்றினாலும், ஆபீஸில் தன் வேலையை இவள் தலையில் கட்டுகிறவர் ஊற்றினாலும், முகம் கோணாமல் குடிக்கவேண்டும் என்றல்லவா எதிர்பார்க்கிறோம்! அதற்கும் 'நைஸ் கேர்ள்' என்றுதான் பெயர்.

இப்போது அந்த லத்தீன் மூலத்தை மறுபடி எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றும் அறியாதவள். நம்மிடம் இது இல்லை என்கிறீர்களா? பெண்ணின் நான்கு குணங்கள் என்று அச்சம், மடம், நாணம், பயிர்ப்பு என அடுக்குவார்கள். அதில் இரண்டாவதான 'மடம்' என்றால் என்ன? சொல்லிக் கொடுத்ததைப் பிடித்துக்கொண்டு விடாமலிருப்பது என்பார் ஒருவர். தெரிந்ததையும் தெரியாததுபோல் காட்டிக்கொள்வது என்பார் இன்னொருவர். நேராக அறியாமை என்றே சொல்வதும் உண்டு. ஏழு பருவங்களில் பெண் குழந்தையின் முதல் பருவத்துக்குப் பெயரே 'பேதை'. ரோமாபுரிக்கும் மதுரைக்கும் இடையே எவ்வளவு தூரம்! ஆனாலும் தெரியாமலிருப்பதை ஒரு அழகாக எண்ணுவதில் மட்டும் இரண்டு இடத்துக்கும் ஒற்றுமை. "பாவம், அவளுக்கு ஒன்றும் தெரியாது, ரொம்ப நல்ல பொண்ணு" என்று இன்றைக்கும் கல்யாணப் பேச்சில் காதில் விழுகிறது. 'நைஸ்' என்ற சொல்லின் எழுநூறு வருஷச் சரித்திரமும் அந்த ஒரு வாக்கியத்தில் அடங்கிவிட்டது!

கல்யாணப் பேச்சு என்றதும் ஞாபகம் வருகிறது. பெண் பார்த்துவிட்டுப் போனவர்கள், "பெண் நைஸ், கலந்து பேசிவிட்டுச் சொல்லியனுப்புகிறோம்" என்று சொன்னால் என்ன அர்த்தம் என்று சகோதரிகள் பலருக்கு ஒரு சந்தேகம் இருக்கும். நிறத்தைப் பார்த்தார்களா, பேச்சைக் கேட்டார்களா, எம்.எஸ்ஸி. படித்த பெண் என்ன படித்தாள் என்றாவது விசாரித்தார்களா, ஒன்றும் அந்தச் சொல்லில் இல்லை. சம்மதம் என்றும் எடுத்துக்கொள்ள முடியாது. வேண்டாம் என்றும் எடுத்துக்கொள்ள முடியாது. பத்து நாள் கழித்து இரண்டில் எதுவாக வேண்டுமானாலும் மாற்றிக்கொள்வதற்குத்தான் அந்தச் சொல். ஆகையால் பத்து நாள் காத்திராமல், "எங்கள் பெண்ணுக்கு உங்கள் பிள்ளையிடம் கேட்பதற்கு நாலு விஷயம் இருக்கிறது, எப்போது பேசலாம்?" என்று நீங்களே நயமாகக் கேட்டுவிடுங்கள். பதில் அன்றைக்கே தெரிந்துவிடும்.

மணமகள் விளம்பரத்தில் 'ஹோம்லி கேர்ள்' என்று ஒரு சொல் போடுகிறார்களே, அதைப் பற்றி அடுத்த வாரம். அதற்குள் யாராவது அமெரிக்காவில் பிறந்து வளர்ந்த பிள்ளைக்கு ஜாதகம் அனுப்புவதாயிருந்தால், அந்த ஒரு வார்த்தையை மட்டும் அடித்துவிட்டு அனுப்புங்கள். அங்கே அதற்கு, 'பார்க்க லட்சணமில்லாத பெண்' என்று அர்த்தம்!